பதினான்காம் எண்ணுக்குக் கொம்பு முளைத்தது

மைசூரில், ஹெப்பாள் தொழிற்பேட்டையின் முதுகுப்புறத்தில், சான்று சரிபார்ப்பு மண்டல இயக்ககம் என்று ஒரு அலுவலகம் இருக்கிறது. அங்கே சான்றிதழ் கொடுப்பதில்லை. வேறு யாரோ கொடுத்த சான்றிதழ் சான்றிதழ்தான் என்று சான்றிதழ் கொடுப்பார்கள். இதற்கு மூன்று மாடி, பதினொரு அதிகாரிகள், ஒரு கம்ப்யூட்டர். சாலைக்கு எதிர்ப்பக்கம் பெரிய ஐ.டி. கம்பெனி ஒன்றின் வளாகம். தினமும் காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை ஆயிரக்கணக்கில் இறக்கிவிட்டுப் போகும். அவர்களில் ஒருவரைக்கூட இந்தப் பக்கம் கூப்பிட முடியாது. அதற்கு டெண்டர் விட வேண்டும்.

அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருகிறவர் இரண்டாம் நிலை உதவியாளர் சகாயநாதன். ஐம்பத்து மூன்று வயது. மைசூரிலேயே பிறந்து, வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், அவசரத்துக்கு ஆங்கிலம் என்று வளர்ந்தவர். பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்டவர். அப்படிப்பட்ட சாதுவுக்கு ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை சோதனை வந்தது.

சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் கம்பெனியின் சின்னம் வந்தது. பிறகு திரை ஒருமுறை சிலிர்த்தது. மேலிருந்து கீழாகப் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் இறங்கின. அப்புறம் எல்லாம் அப்படியே நின்றுபோனது. மவுஸை மேஜை முழுக்க இழுத்துப் பார்த்தார். அம்புக்குறி இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்றைக்கென்று பார்த்துச் சொர்ணலதா வந்து நின்றாள். கௌதள்ளியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த நர்ஸ். பதினோரு மாத ஒப்பந்தம், ஒரு மாதம் வீடு, மறுபடியும் பதினோரு மாத ஒப்பந்தம் என்று ஒன்பது வருடம் ஓட்டியவள்.

"அண்ணா, சாமராஜநகர் ஆஸ்பத்திரி ஒண்ணுல பெர்மனென்ட் போஸ்ட்டுங்க. லிஸ்ட்டுல என்ற பேரு வந்துருச்சு. உங்க ஆபீஸ் சரிபார்ப்புக் காயிதம் ஒண்ணுதானுங்க பாக்கி. இருவத்தெட்டாந் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுத்துப்போடோணும்."

"குடுக்கலைன்னா?"

"அடுத்த ஆளுக்குப் போயிருமுங்க. அடுத்த வருசம் எழுதலாமுன்னா எனக்கு வயசு தாண்டிருது."

அவளுடைய விவரங்களைப் போன மாதமே சரிபார்த்து ஏற்றியாகிவிட்டது. இனி அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு நிமிட வேலை. சகாயநாதன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நாளைக்கு வாம்மா. ஸ்வல்பம் தொந்தரவு குடுக்குது, அஷ்டே, அவ்வளவுதான். இருபத்தெட்டுக்குள்ள நான் குடுத்துடறேன், பயப்படாதே" என்றார். இருபத்தாறு வருட சர்வீஸில் அவர் யாருக்கும் தேதி சொல்லி வாக்குக் கொடுத்ததில்லை. வாய் தவறி வந்துவிட்டது.

மறுநாளும் கோடு. அதற்கு மறுநாளும் கோடு. தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்தார். அணைத்துப் போட்டார், ஒயரைப் பிடுங்கிச் சொருகினார், விலாவில் தட்டினார். பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் அதன் மேல் 'திறந்தால் பராமரிப்பு ஒப்பந்தம் செல்லாது' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒப்பந்தம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. ஒப்பந்தம் போட்ட கம்பெனியும் மூடிப் போய்விட்டது. ஸ்டிக்கர் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

ஆக, புகார் எழுதித்தான் தீர வேண்டும். அதற்குத் தனியாக ஒரு கன்னடப் படிவம். ஒரு ஆங்கில வார்த்தை இருந்தாலும் படிவம் தள்ளுபடி என்று தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மைசூரில் இந்தக் கோளாறை எந்த மொழிக்காரரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: ஸ்டார்ட் பண்ணினால் ஸ்கிரீனில் லைன் வருது, அப்புறம் ஹேங் ஆயிடுது. இதிலிருந்து ஆங்கிலத்தைக் கழித்தால் மிஞ்சுவது 'வருது', 'ஆயிடுது'.

சகாயநாதன் பேனாவைக் கடித்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்திருந்தார். ஸ்கிரீனுக்குக் கன்னடத்தில் 'பரதெ' கிடைத்தது. ஸ்டார்ட்டுக்கு 'எழுந்தவுடன்' என்று போட்டார். ஹேங்குக்கு 'நின்றுவிடுகிறது'. லைன் என்பதற்குத்தான் வார்த்தை வரவில்லை. கன்னடத்தில் அதற்கு நல்ல சொல் உண்டு, அவருக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்துக்கு நாக்கில் ஏறவில்லை. தடுமாறுகிற நேரத்தில் வீட்டுப் பாஷைதான் முந்திக்கொள்ளும். 'கோடு' என்று எழுதினார். கன்னட எழுத்தில் அது பிறவியிலேயே கன்னட வார்த்தை மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. கன்னட வார்த்தைதான் அது. கன்னடத்தில் கோடு என்றால் கொம்பு.

இது அவருக்கு உறைக்கவில்லை. பொருள் என்ற கட்டத்தில் எண்ணை மட்டுமே எழுத வேண்டும் என்பதால், கம்ப்யூட்டரின் சொத்துப் பதிவேட்டு எண்ணான 14 என்று எழுதினார். கீழே இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்:

"பெளிக்கெ எத்த கூடலெ பரதெ மேலெ கோடு பருத்ததெ. ஆமேலெ நிந்துபிடுத்ததெ. தட்டிதரூ அலுகோதில்ல."

பரதெ என்றால் திரைச்சீலையும்தான். ஆகையால் இதைப் படித்த கன்னடக்காரர் எவருக்கும் கிடைக்கக்கூடிய செய்தி: காலையில் எழுந்தவுடன் திரைச்சீலைக்கு மேல் கொம்பு வருகிறது. பிறகு நின்றுவிடுகிறது. தட்டினாலும் அசைவதில்லை.

வியாழக்கிழமை குறை வகைப்பாட்டுக் குழு கூடியது. ஐந்து அதிகாரிகள். தலைமை, இணை இயக்குநர் திருநாராயணன். மேல்கோட்டைப் பூர்வீகம், வீட்டில் தமிழ் பேசுகிறவர். அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது என்று அவர் ஒருவர் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார்.

பதினான்காம் எண் என்பது என்ன பொருள் என்று முதல் கேள்வி எழுந்தது. சொத்துப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பதிவேட்டைப் போன வருடம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பழைய நோட்டை எடைக்குப் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லும்படி வாசலில் நின்ற சகாயநாதனுக்கு உத்தரவாயிற்று.

"அதுதான் ஸார் ஓப்பன் ஆகலை. அந்தக் கம்ப்யூட்டர்தான் ஸார் பதினாலு" என்றார் அவர்.

புகார் கொடுத்தவரே புகாருக்கு விளக்கம் சொன்னால் நடுநிலை கெட்டுவிடும் என்று அவரை வெளியே அனுப்பினார்கள். பிறகு குழு, புகாரை எழுத்துக்கு எழுத்து ஆராய்ந்தது. அலுவலகத்தில் திரைச்சீலை கிடையாது. ஆனால் திரைச்சீலை பற்றிப் புகார் இருக்கிறது. புகார் இருந்தால் பொருள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையில் கேட்பார்கள். ஆகையால் முதல் கட்டமாகத் திரைச்சீலை வாங்குவது என்று தீர்மானித்தார்கள். வாங்குகிற விஷயத்தில் அந்த அலுவலகம் சோம்பல் பட்டதில்லை. ஆறே நாளில் மூன்று மாடிக்கும் மெரூன் கலரில் திரைச்சீலை தொங்கியது. கம்ப்யூட்டரில் கோடு அப்படியே இருந்தது. வெளிச்சம் குறைந்துவிட்டதால் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

சொர்ணலதா மூன்றாம் முறையாக வந்தாள். திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, புதுசா சீலையெல்லாம் போட்டுருக்கறாங்க. மிசின் ரெடியாயிருச்சுங்களா?"

"மொதக் கட்டம் முடிஞ்சிருக்கும்மா" என்றார் சகாயநாதன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்தார்.

அன்று மத்தியானம் அட்டெண்டர் மாதேவிதான் விஷயத்தை உடைத்தாள். அவள் கொள்ளேகாலக்காரி, இரண்டு பாஷையும் தெரிந்தவள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் படித்துவிட்டு வந்து சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

"அய்யோ ஸாரு! கோடுன்னா எழுதினீங்க? நம்ம ஊர் எருமைக்கு ரெண்டு கோடு இருக்கு, கொத்தா, தெரியுமா? அடுத்தது மாட்டு டாக்டர்தான் வருவாரு பாருங்க!"

சகாயநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நேராக இணை இயக்குநர் அறைக்கு ஓடினார். திருநாராயணன் கதவைச் சாத்தச் சொன்னார். கதவு சாத்தினால்தான் அவருக்குத் தமிழ் வரும்.

"ஸார், தப்பு பண்ணிட்டேன். கோடுன்னு நான் எழுதினது லைன் ஸார். தமிழ்க் கோடு."

"தெரியும்."

"தெரியுமா ஸார்?"

"மொத நாளே தெரியும். கோடுன்னா லைன்னு நேக்குத் தெரியறது, உங்களுக்குத் தெரியறது. ஃபைலுக்குத் தெரியுமோ? அதுல கொம்புன்னுன்னா இருக்கு?"

"நீங்க ஒரு வரி எழுதித் திருத்திட்டா..."

"நான் எப்படித் திருத்தறது? இது லைன்னு உமக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு மேல இருந்து கேட்டா, பதில் எழுதணுமோல்லியோ? பாரும் சகாயநாதன், முப்பத்தொரு வருஷ சர்வீஸ். என் பேர்ல ஒரு மெமோ உண்டா? கிடையாது. ஏன்னா நான் என் இஷ்டத்துக்கு ஒண்ணையும் புரிஞ்சுண்டதில்லை. பேப்பர் என்ன சொல்றதோ அதுதான் நேக்கும் புரியும். இந்த ஆபீஸ் நடக்கறதே அதனாலதான். எல்லாரும் அவாஅவாளுக்குத் தெரிஞ்சதை வெச்சுண்டு வேலை செய்ய ஆரம்பிச்சா, வேலை நடந்துடுமே! அப்புறம் நம்மையெல்லாம் எதுக்கு வெச்சிருக்கான்னு கேட்பா."

திருத்த மனு என்று ஒன்று உண்டாம். அதற்கு மாதிரிப் படிவம் இருக்கிறது. அது கம்ப்யூட்டரில் இருக்கிறது.

குழுவின் இரண்டாம் கூட்டத்தில் கொம்பை எடுத்துக்கொண்டார்கள். கொம்பு வைத்திருந்தால் வனவிலங்குச் சட்டம் பாயும் என்று ஓர் அதிகாரிக்குச் சந்தேகம். காட்டிலாகாவிலிருந்து கரியப்பன் என்பவரை வரவழைத்தார்கள். காக்கி உடுப்பும் நீண்ட டார்ச்சுமாக வந்தார். விடியற்காலை ஆறு மணிக்கே வந்து திரைச்சீலைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பத்தரை மணிக்குச் சகாயநாதன் வந்து சுவிட்சைப் போட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்ததையும் பார்த்தார். போகும்போது நேர்மையாகவே அறிக்கை எழுதினார்: கொம்பு தென்படவில்லை. இல்லை என்றும் சொல்வதற்கில்லை. காட்டு மிருகம் அலுவலக நேரம் பார்த்து வராது. பத்தரைக்கு மேல் வந்து, ஒரே இடத்தில் நின்று, தட்டினாலும் அசையாததாகச் சொல்லப்படுவதால் இது வீட்டு மாடு அல்லது ஊழியர்.

ஊழியர்களைப் பற்றிப் புகார் எதுவும் இல்லாததால், மாடு என்று முடிவாயிற்று. ஃபைல் கால்நடை மருத்துவருக்குப் போனது. தேதி இருபத்து நான்கு.

இருபத்தாறாம் தேதி புதன்கிழமை டாக்டர் காவேரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ரப்பர் கையுறை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். வாசலில் மாதேவி ஒரு வாளித் தண்ணீரும், இணை இயக்குநர் உத்தரவின் பேரில் ஒரு கட்டுப் புல்லும் வைத்திருந்தாள். அதிகாரிகள் பதினொரு பேரும் திரைச்சீலை ஓரமாகப் பாதுகாப்பான தூரத்தில் நின்றார்கள். திருநாராயணன் கன்னடத்தில் வரவேற்புரை ஆற்றினார். இந்த இயக்ககம் ஒரு வாயில்லாப் பிராணியின் குறையைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டதில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இருபத்து மூன்று நாளாக வந்து போகிற, வாயுள்ள ஒரு நர்ஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளும் எதற்கென்று தெரியாமல் கைதட்டினாள்.

"ஹசு எல்லி?" என்றார் டாக்டர். மாடு எங்கே என்று கேட்கிறார்.

சகாயநாதன் கம்ப்யூட்டரைக் காட்டினார். டாக்டர் அதைப் பார்த்தார், புகாரைப் படித்தார், மறுபடி அதைப் பார்த்தார். சகாயநாதன் மெதுவாக அவர் காதருகே, "லைன் மேடம், லைன். ஹேங் ஆகுது" என்றார். டாக்டருக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனால் அந்த இரண்டு வார்த்தைகள் போதும்.

"அய்யோ, இதா? நம்ம கிளினிக் கம்ப்யூட்டருக்கும் இதே ஸீக்கு வந்துது. யாரும் வரலை. நானே ஆபரேஷன் பண்ணிட்டேன்" என்றார்.

ஸ்டிக்கரைப் பற்றிச் சகாயநாதன் எச்சரித்தார். சிகிச்சைக்காக உடலைத் திறக்க மருத்துவருக்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை என்று சட்டம் சொல்லி, டாக்டர் அதைக் கிழித்தார். பெட்டிக்குள் தூசி பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது. நடுவில் ஒரு பல்லி முட்டை ஓடு. படம் காட்டும் கார்டின் விசிறி தூசியில் சிக்கிச் சுற்றவே இல்லை. கார்டு சூடாகி, சொருகிய இடத்திலிருந்து அரை இழை மேலெழும்பியிருந்தது. கோடு விழுவதற்கும் நின்றுபோவதற்கும் அதுதான் காரணம். மாட்டின் காதுக்கு மருந்து பீச்சும் பம்ப்பால் தூசியை ஊதினார். கார்டையும் மெமரிக் குச்சியையும் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, க்ளிக் என்று கேட்கும்வரை அழுத்திச் சொருகினார். மூடிவிட்டுச் சுவிட்சைப் போட்டார்.

சின்னம் வந்தது. திரை சிலிர்க்கவில்லை. கோடு இல்லை. நீலமாக, துடைத்துவிட்டதுபோல முகப்பு வந்து நின்றது. மவுஸ் அம்பு குதித்துக் குதித்து ஓடியது. மொத்தம் பதினாறு நிமிடம்.

"சொர்ணலதா, உள்ளே வாம்மா!" என்று சகாயநாதன் கத்திவிட்டார். அந்த அலுவலகத்தில் அவர் கத்தியது அதுவே முதல் தடவை. அவள் ஓடிவந்தாள். அவர் பிரிண்டரைத் தட்டப் போனார்.

"நில்லும்" என்றார் திருநாராயணன், கன்னடத்தில்.

அவர் கையில் டாக்டர் கையெழுத்துப் போட்ட சிகிச்சைப் படிவம் இருந்தது. கால்நடைக்கான அச்சுப் படிவம். அதன் ஏழாவது வரி: சிகிச்சை பெற்ற பிராணியிடம் ஏழு நாளைக்கு வேலை வாங்கக் கூடாது. டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த வரி அச்சில் இருப்பது, அதை அடிக்கத் தனக்கே அதிகாரம் இல்லை என்று கடைசியில் அவரே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. காதில் பூட்டுகிற மஞ்சள் வில்லை ஒன்றை, காது இல்லாததால், மானிட்டர் ஒயரில் பூட்டிவிட்டு, பாவமாகப் பார்த்துக்கொண்டே போனார். ப்ளக்கில் காகிதம் சுற்றி 'ஓய்வில் உள்ளது' என்று அரக்கு வைத்தார்கள். பெட்டியைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். மாதேவி புல்லை எடுத்து அதன் முன்னால் வைத்தாள். உத்தரவு அப்படி.

"ஏழு நாளுன்னா மூணாந் தேதிங்களேண்ணா" என்றாள் சொர்ணலதா. அழவில்லை. கைப்பையைத் திறந்து மூடினாள். "உடுங்கண்ணா. நீங்க என்ன பண்ணுவீங்க. ஒம்போது வருசம் ஓட்டியாச்சு, இன்னி ஓட்ட முடியாதுங்களா?"

அவள் திட்டியிருந்தால் சகாயநாதன் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார். திட்டாமல் போனதுதான் அவரை அறுத்தது. வியாழக்கிழமை காலை, வேலை எதுவும் இல்லாததால், அந்தச் சிகிச்சைப் படிவத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தார். பின்பக்கம் பதினோராவது வரியில் இப்படி இருந்தது: ஓய்வு நாட்களில் பிராணியைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே மேயவிட வேண்டும்.

அவர் மூன்று தடவை படித்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு ஆங்கில வார்த்தை இல்லாமல், மாதேவியிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டுக் கேட்டுக் கன்னடத்தில் மனு எழுதினார். பதினான்காம் எண்ணை நாளை பதினோரு மணி முதல் ஒரு மணி வரை மேய்ச்சலுக்கு அழைத்துப்போக அனுமதி வேண்டும்.

திருநாராயணன் மனுவைப் படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எங்கே மேயறது?"

"டாக்டரம்மா கிளினிக் பக்கத்துல ஸார். அங்கே நல்லா... பச்சையா இருக்கும்."

"ம்." பேனாவை உருட்டினார். "பார்த்தேளா, இதைத்தான் நான் சொல்றேன். மொதல்லயே இப்படி எழுதியிருந்தா, இவ்வளவு நாள் ஆயிருக்குமா? நான் யாருக்கும் குறுக்கே நிக்கறவன் இல்லை. நாளைக்குப் பெங்களூர்ல எனக்கு மீட்டிங். தாமதமில்லா சேவைங்கற தலைப்புல பேசக் கூப்பிட்டிருக்கா." அனுமதி என்று எழுதி, கயிற்றை அவிழ்க்கக் கூடாது என்று நிபந்தனையும் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, கழுத்தில் கயிறு கட்டிய கம்ப்யூட்டர் பெட்டியைச் சகாயநாதன் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். கயிற்று முனையை மாதேவி பிடித்திருந்தாள். முன்தினமே போன் போட்டு வரச் சொன்னதில் சொர்ணலதா கிளினிக் வாசலில் காத்திருந்தாள். உள்ளே ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த டாக்டர் காவேரி, தன் மானிட்டரையும் பிரிண்டரையும் கண்ணாலேயே காட்டினார். அரக்கு வைத்த ப்ளக்கைத் தொடாமல், கிளினிக் ஒயரில் பெட்டியை இணைத்துச் சுவிட்சைப் போட்டார்கள். சகாயநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"தொறங்க ஸாரு, லைன் இல்லை" என்றாள் மாதேவி.

பதினொன்று நாற்பதுக்குக் காகிதம் வெளியே வந்தது. இணை இயக்குநரின் கையெழுத்தை கம்ப்யூட்டரே போட்டுவிடும். ஆனால் முத்திரை இரண்டு வேண்டும் என்பது விதி. அலுவலகத்தின் சதுர முத்திரை சகாயநாதன் சட்டைப்பையில் இருந்தது. குத்தினார். வட்ட முத்திரை இணை இயக்குநரிடம் இருக்கும். இணை இயக்குநர் பெங்களூரில் இருந்தார்.

ஒரு முத்திரையோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சகாயநாதன் நாற்காலியில் சரிந்தார். இவ்வளவு தூரம் வந்து இதற்காகவா என்று மாதேவி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். காகிதத்தைப் பார்த்தார்.

"ரவுண்டா ஒண்ணு வேணும், அஷ்டே தானே?"

மேஜை இழுப்பறையிலிருந்து தன் முத்திரையை எடுத்து, ஊதி, அழுத்திக் குத்தினார். ஊதா மையில் வட்டமாக விழுந்தது. சந்தைக்குக் கொண்டுபோகிற மாடுகளுக்குக் குத்துகிற முத்திரை அது. கன்னடத்தில், 'பரிசோதிக்கப்பட்டது. நோய் இல்லை. கொண்டு செல்லலாம்' என்று இருந்தது. சகாயநாதன் பதறிப்போனார்.

"இதுல ஒரு பொய் இருக்கா, சொல்லுங்க" என்றார் டாக்டர்.

சொர்ணலதா காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். "ஒண்ணுமில்லீங்க மேடம், எல்லாம் நெசந்தானுங்க" என்றாள். பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஒரு மணிக்குப் பதினான்காம் எண் மேய்ச்சல் முடிந்து திரும்பிற்று. ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். சகாயநாதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டை டப்பாவோடு மாதேவியிடம் கொடுத்துவிட்டார். மூன்று மணி ஆயிற்று. நாலு ஆயிற்று. சாமராஜநகரில் யாரோ ஒருவர் அந்த வட்ட முத்திரையைப் படிக்கப்போகிறார். படித்ததும் என்ன கேட்பார், அவள் என்ன சொல்வாள், தன்னால் ஒரு பெண்ணின் பிழைப்பே போய்விடுமே என்று கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார். நாலு நாற்பதுக்குப் போன் அடித்தது.

"அண்ணா..." என்றாள் சொர்ணலதா.

"சொல்லும்மா. என்ன ஆச்சு? திருப்பிட்டாங்களா?"

"இல்லீங்கண்ணா! சேந்துட்டனுங்க! திங்கக்கெழமை ட்யூட்டி!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அந்தக் கிளார்க்கு காயிதத்தை வாங்குனாருங்க. எனக்கு உசுரே இல்லை. அவரு படிக்கவே இல்லீங்கண்ணா. கண்ணாடியை வீட்டுல மறந்துட்டு வந்துட்டாராம். வெரலு வெச்சுத் தடவி, ஒந்து, எரடுன்னு முத்திரையை மட்டும் எண்ணுனாரு. எரடு இதெ, சரியாகிதெ, ரெண்டும் இருக்குது செரின்னு ஃபைலுக்குள்ள வெச்சுப்போட்டாரு!"

சகாயநாதன் போனை வைத்தார். எழுந்து மெரூன் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, யாருக்கும் தெரியாமல் நன்றாக அழுதார். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பெயர் தெரியாத அந்தச் சாமராஜநகர் கிளார்க்குக்காக மனமுருகி ஜெபம் செய்தார்.

"ஆண்டவரே, அந்த மனுஷனை நூறு வருஷம் நல்லா வையும். கண்ணாடி மட்டும் போட வெச்சிராதேயும்."